திருவேங்கடம் படுத்தது கடலிலா, கரையிலா

நொச்சிக் கண்டிகையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. கிழக்கே மாந்தோப்பு, அதற்கப்பால் ஸ்ரீசிட்டியின் கம்பெனிக் கூரைகள், அதற்கும் அப்பால் பழவேற்காட்டு ஏரி. அதையும் தாண்டினால்தான் கடல். ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், வந்தது வந்தோம் என்று ஒரு நடை போய்த்தான். இருந்தாலும் இந்த ஊரில் ஒரு கடற்படைக் கப்பல் நிற்கிறது. அது ஊருக்குள் நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்பதில்தான் போன வருடம் தகராறு.

கப்பல் என்றால் கம்பிவேலிக்குள் ஐந்தாறு கட்டடங்கள், ஒரு ஜெனரேட்டர் ஷெட், சிவப்பும் வெள்ளையுமாக வானத்தைக் குத்திக்கொண்டிருக்கும் டவர்கள். நடுக்கடலில் போகிற கப்பல்கள் சொல்வதைக் கேட்டு மேலிடத்துக்குச் சொல்வதும், மேலிடம் சொல்வதைக் கப்பல்களுக்குச் சொல்வதும் அதன் வேலை. வயர்லெஸ் நிலையம்தான். ஆனால் கடற்படைக்கு ஒரு வழக்கம்: தரையில் கட்டிய நிலையத்தையும் கப்பல் என்றே வைத்துக்கொள்வார்கள். பெயர் வைப்பார்கள், கொடி ஏற்றுவார்கள், சிமெண்டுத் தரையை டெக் என்பார்கள். கேட்டைத் தாண்டி எதிரே டீக்கடைக்கு வந்தால், கரைக்குப் போயிருக்கிறார் என்று உள்ளே சொல்வார்கள். இந்தக் கப்பலுக்கும் ஒரு பெயர் உண்டு. ஊரில் யார் வாயிலும் அது நுழையவில்லை.

இந்தக் கப்பலின் சமையற்காரர் திருவேங்கடம். முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ். நீந்தத் தெரியாது. ஊர் ஏரியிலேயே முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஹரியானாக்காரனுக்குப் பருப்பு, மலையாளிக்கு மீன், ஒரியாக்காரனுக்கு உருளைக்கிழங்கு என்று தனித்தனியாகச் சமைப்பார்; எல்லாவற்றிலும் புளி ஒரு கை தூக்கலாக இருக்கும். சாப்பிட்டவர்கள் முதல் மாதம் திட்டுவார்கள், இரண்டாம் மாதம் பழகிவிடுவார்கள், மாற்றலாகிப் போன ஊரிலிருந்து போன் போட்டு அந்தப் புளியைப் பற்றி விசாரிப்பார்கள்.

கப்பல் இங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் வெள்ளைவெளேரென்று உடுத்திய நாலு பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தடுப்பூசிக்காரர்கள் என்று நினைத்து ஊரில் பாதி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் ஓடியது. மீதிப் பாதி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஜீப்புக்கு முன்னால் வரிசையில் நின்றது. வந்தவர்கள் ஊசியை எடுக்கவில்லை. ஒரு பெட்டியைத் தரையில் வைத்து, காதில் மாட்டிக்கொண்டு, பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வயர்லெஸ்ஸுக்கு மின்சார இரைச்சல் ஆகாது. மோட்டார், மில், வெல்டிங் பட்டறை எல்லாம் அதன் காதில் கூச்சல் போடும். நொச்சிக் கண்டிகையில் அப்போது கரண்ட் இல்லை, மில் இல்லை, ரோடு என்று சொல்லத்தக்க ரோடும் இல்லை. சர்க்கார் எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று ஊர் அதுவரை அழுதுகொண்டிருந்தது. அந்த ஒன்றுமில்லாமைக்காகவே டெல்லியிலிருந்து ஆள் அனுப்பித் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பெருமை தாங்கவில்லை.

மேய்ச்சல் நிலமும் சில வீட்டுப் புன்செயும் வேலிக்குள் போயின. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு. திருவேங்கடம் வீட்டிலும் போனது, அவருடைய பெரியப்பா வீட்டிலும் போனது. பெரியப்பா மகன் கோவர்த்தனன் திருவேங்கடத்தைவிடச் சில மாதங்கள் மூத்தவர். "மாங்கா மண்டி வெக்கப் போறவன் ஊரான் தட்ட கழுவுவானா?" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். திருவேங்கடம் தட்டு கழுவப் போனார். தட்டு கழுவியவர் காய் நறுக்கினார், காய் நறுக்கியவர் குழம்பு வைத்தார், குழம்பு வைத்தவருக்கு ஒருநாள் அரசாங்க உத்தியோகம் என்று உத்தரவு வந்தது. அதற்கப்புறம் மாங்காய் விலை விழுந்த ஒவ்வொரு வருடமும் கோவர்த்தனன் அந்த கேட்டைப் பார்த்து நின்றதை ஊர் பார்த்திருக்கிறது.

இங்கே கங்கம்மா ஜாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜாத்திரைக்கு ஒரு வாரம் முன்னால், தப்பட்டை அடித்துக்கொண்டு ஊர் எல்லையைச் சுற்றி வருவார்கள். அதற்குச் சாட்டிம்பு என்று பெயர். சாட்டிம்பு போட்டபின் ஊர்க்காரன் ராத்திரி வெளியே தலைசாய்க்கக் கூடாது. வெளியூர்க்காரன் ராத்திரி உள்ளே தலைசாய்க்கக் கூடாது. பகலில் யாரும் எங்கேயும் போகலாம், வரலாம். வீடுகளில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது, தாளிப்புக்கூடக் கிடையாது. ஜாத்திரை முடிந்தபின்தான் எல்லாம்.

கப்பல் வந்த முதல் வருடம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. எல்லைக்குள் இத்தனை வெளியூர்க்காரன் படுத்திருக்கிறானே! எல்லோருமாகச் சேர்ந்து கேட்டில் போய் நின்று, ஒரு வாரத்துக்குக் காலி பண்ணிக்கொண்டு போகச் சொன்னார்கள். அன்றைய கமாண்டிங் ஆபீசர் பொறுமைசாலி. "இது ஊரே இல்லை ஐயா, கப்பல். நாங்கள் கடலில் இருக்கிறோம்" என்று தமிழ் தெரிந்த ஒரு மாலுமியை வைத்துச் சொன்னார். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடல் என்றால் எல்லைக்கு வெளியே. வெளியே யார் படுத்தால் நமக்கென்ன? ரொம்பத் திருப்தியாகத் திரும்பி வந்தார்கள். அந்த வருடத்திலிருந்து தப்பட்டை வேலியருகே வந்ததும் ஒதுங்கி, கடற்கரை ஓரம் நடப்பதுபோல நடந்து, அப்படியே திரும்பிவிடும்.

இந்த ஏற்பாட்டில் அதிகம் பயன் அடைந்தவர் திருவேங்கடம். காலை நாஸ்தா விடியும்போதே தயாராக வேண்டும் என்பதால் வாரத்தில் பாதி நாள் அவர் படுக்கை கப்பலில்தான், ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். ஜாத்திரை வாரத்தில் ஊரே ரசமில்லாமல் கூழ் குடித்துக்கொண்டிருக்கையில் அவர் உள்ளே கோழி வறுத்துத் தின்பார். பந்தல் போட ஆள் கூப்பிட்டால், "நான் கடல்ல கீறேன். கடல்ல ஜாத்திர ஏது?" என்பார். சொல்லிவிட்டு ஏப்பமும் விடுவார்.

இப்படிப் பேசியவருக்குத்தான் போன வருடம் சிரசு தூக்கும் முறை வந்தது.

சிரசு என்பது மரத்தில் செய்து வண்ணம் பூசிய அம்மனின் தலை. ஜாத்திரையன்று காலையில் ஒருவர் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊர் எல்லையைச் சுற்றி வந்து, கோயிலில் இருக்கும் மண் உடம்பில் சேர்க்க வேண்டும். முறைக்கார வீடுகள் அதிகம். நடுவில் மழையில்லை, நோய் என்று ஜாத்திரை நின்றுபோகும் வருடங்களும் அதிகம். ஒரு வீட்டுக்கு ஒரு தலைமுறையில் ஒருதரம் வந்தால் உண்டு. எந்த வருடமாவது சாட்டிம்பை மீறி வெளியே படுத்தவனுக்கு அந்த முறை கிடையாது, அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஒரே வீடு அடுத்தடுத்து இரண்டு முறை தவறவிட்டால் வரிசையிலிருந்து அந்த வீட்டையே எடுத்துவிடுவார்கள்.

திருவேங்கடத்தின் நைனா ஏற்கெனவே ஒருதரம் தவறவிட்டவர். ஜாத்திரை வாரத்தில் யாரோ ஒருவருடைய வழக்குக்குச் சாட்சி சொல்லச் சித்தூர் கோர்ட்டுக்குப் போனார். சாட்சியைக் கூப்பிடவே இல்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் படுத்தார். முறை கோவர்த்தனன் வீட்டுக்குப் போனது. ஆகவே இப்போது திருவேங்கடமும் தவறவிட்டால் அந்த வீட்டுக்கு இனி எந்தக் காலத்திலும் சிரசு இல்லை. கோழி வறுத்துத் தின்றபோது அவருக்கு இந்தக் கணக்கு ஞாபகத்தில் இல்லை.

கோவர்த்தனனுக்கு ஞாபகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூல் வராண்டாவில் ஊர்க்கூட்டம். சர்பஞ்ச் ஸ்ரீதேவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இந்த ஊருக்கு மருமகளாக வந்து, பெண்கள் ஒதுக்கீட்டில் நின்று ஜெயித்தவள். மற்ற ஊர்களில் சர்பஞ்ச் வீட்டில் இருக்க அவள் புருஷன் நாற்காலியில் இருப்பான். இங்கே புருஷன் வெளியே பைக்கின் மேல் உட்கார்ந்து கூட்டம் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பொறாமையில பேசல," என்று கோவர்த்தனன் ஆரம்பித்தார். "கங்கம்மா சட்டத்த பேசறேன். எல்லைக்கு வெளிய படுத்தவன் சிரசு தூக்கக் கூடாது. இவன் வருஷா வருஷம் கப்பல்ல படுத்தான். கப்பல் எல்லைக்கு வெளிய. இத ஊரே சொன்னது. அவ்ளோதான்."

"கப்பலாவது கிப்பலாவது!" என்றார் திருவேங்கடம். "அஸ்திவாரம் போட்டுக் கட்டன கட்டடம்டா அது. நான் படுக்க சொல்ல பக்கத்துல அரிசி மூட்ட இருந்திச்சி. எந்தக் கடல்லடா அரிசி மூட்ட காஞ்சி கெடக்கும்?"

"அப்ப கோயிக்கறி துன்னுட்டு வந்து எங்க மூஞ்சிக்கி நேரா ஏப்பம் வுட்டியே, அப்ப இன்னா சொன்ன? கடல்ல கீறேன்னு சொன்னியா இல்லியா?"

"அது வயசுல வெளையாட்டுக்குப் பேசனது."

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி அலர்மேல்மங்கை, "போன வருஷமும் பேசனீங்க," என்றாள். பொய்க்குத் துணை போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அது கட்டிய புருஷனின் பொய்யாக இருந்தாலும் சரி.

கூட்டம் சிரித்தது. திருவேங்கடம் அசரவில்லை. அவர் ஒரு சாட்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். தற்போதைய கமாண்டிங் ஆபீசர், ஹரியானாக்காரர், புளிக் குழம்புக்குப் பழகியவர். என்னைப் பற்றி ஊரில் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் சார் என்று மட்டும் அவரிடம் கேட்டிருந்தார். என்ன விஷயத்துக்கு என்று விளக்கவில்லை. விளக்கியிருக்கலாம்.

ஆபீசர் வெள்ளை உடுப்பில் வந்து நின்று இந்தியில் பேசினார். மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. கோவர்த்தனனின் மகன் சுதீர் ஸ்ரீசிட்டியில் வடக்கத்தி ஆட்களோடு வேலை செய்கிறவன், இந்தி தெரியும். அவன் எழுந்தான்.

"திருவேங்கடத்த சமையக்காரர்னு நெனைக்காதீங்கன்றாரு. அவரு நெசமான கப்பக்காரராம்."

"சரி," என்றார் கோவர்த்தனன்.

"பெரிய புயல் வந்துச்சே, டவர் ஒண்ணு சாஞ்சிதே, அப்ப கூட அவரு கப்பல வுட்டு எறங்கலயாம். கரையில கீற உங்களுக்கு அது புரியாதுன்றாரு." மொழிபெயர்க்க மொழிபெயர்க்கச் சுதீரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. "எத்தினியோ வருஷமா கடல்லயே கெடந்து தேசத்துக்கு சேவ பண்ணாராம். ஊரே பெருமப்படணுமாம்."

"கேளு சார, ஒரு தபா கூட கேளு," என்று கோவர்த்தனன் எழுந்துவிட்டார். "அது கப்பலா, கட்டடமா?"

சுதீர் கேட்டான். ஆபீசர் நெஞ்சை நிமிர்த்தி, "ஹண்ட்ரட் பர்சென்ட் ஷிப்!" என்றார். கோவர்த்தனன் கைதட்டினார். தன் பேச்சுக்குத்தான் கைதட்டல் என்று ஆபீசர் சல்யூட் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திருவேங்கடம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கண்ணால் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அந்த வீட்டின் முறை போய்விட்டது என்று அப்போது தெரிந்திருக்கும்.

அலர்மேல்மங்கை எழுந்தாள். புருஷன் பொய் சொன்னால் காட்டிக்கொடுப்பாள், அது ஒரு குணம். ஊரான் பொய் சொன்னால் விடமாட்டாள், அது இன்னொரு குணம். முந்தானையிலிருந்து செல்போனை எடுத்து, சத்தத்தை முழுக்க ஏற்றி, வராண்டாவின் நடுவில் வைத்தாள்.

போனில் பேசியது கோவர்த்தனன்.

இதற்கும் ஒரு பின்கதை. ஸ்ரீசிட்டி வந்தபின் நொச்சிக் கண்டிகையில் பழைய அமைதி இல்லை. பெரிய மின்கம்பிகள், செல்போன் டவர்கள், ராப்பகலாக ஓடும் மிஷின்கள். கப்பலுக்குக் காது மந்தமாகிவிட்டது. முக்கால்வாசி வேலையைச் சேட்டிலைட் எடுத்துக்கொண்டது. நிலையத்தை மூடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும் கோவர்த்தனன், மூடினால் நிலம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்று கிளம்பிவிட்டார். முதலில் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார். மாவட்டம் பிரிந்தபோது ஊர் இருக்கிற சத்தியவேடு பக்கம் திருப்பதி மாவட்டத்துக்குப் போனதால், அப்புறம் திருப்பதிக்கு நடந்தார். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஒரே ராத்திரியில் மாறியதுதான் அந்தக் கப்பல் இதுவரை செய்த ஒரே பயணம். திருப்பதியில் திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாளில் அதிகாரி முன்னால் அவர் தெலுங்கில் முழங்கியதைச் சுதீர் வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருந்தான். எல்லோரும் அப்போது கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள்.

"அதி மா ஊரி பொலிமேரலோனி பூமி சார்!" என்று வராண்டாவின் நடுவில் போன் கத்தியது. அது எங்கள் ஊர் எல்லைக்குள் இருக்கிற பூமி என்று அர்த்தம். "கங்கம்மா சாட்சிகா செப்துன்னானு!" கங்கம்மா சாட்சியாகச் சொல்கிறேன்.

வராண்டாவே கோவர்த்தனனைத் திரும்பிப் பார்த்தது.

"அது கலெக்டர் ஆபீஸ்ல சொன்னது," என்றார் கோவர்த்தனன். "இது அம்மா முன்னாடி சொல்றது. ரெண்டும் வேற."

"ஏன் மாமா," என்றாள் அலர்மேல்மங்கை, "அங்கயும் அம்மாவத்தான சாட்சிக்கி இஸ்துகினு போனீங்க? அங்க பொய்யா, இங்க பொய்யா? எத வெச்சிக்கறதுன்னு நீங்களே சொல்லிடுங்க. நாங்க ஏத்துக்கறோம்."

கோவர்த்தனன் நிலத்தையும் சிரசையும் மனசுக்குள் தராசில் வைத்துப் பார்ப்பது வெளியே தெரிந்தது. அதற்குள் ஸ்ரீதேவி வேறு பக்கம் திரும்பினாள்.

"சுதீரு, போன ஜாத்திரைல நீ நைட் ஷிஃப்ட் போனியா?"

"போனேன் அத்த. ஆனா படுக்கல. மிஷினாண்ட நின்னுக்கினே இருந்தேன்."

"ராத்திரி பூரா?"

"பூரா."

பின்னால் நின்ற கம்பெனிப் பையன்கள் ஒருத்தன் முதுகில் ஒருத்தன் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் சிரிக்கவில்லை. வெளியே படுத்தவன் வீட்டுக்கெல்லாம் முறை இல்லை என்று ஆரம்பித்தால், வரும் வருடங்களில் சிரசு தூக்க அம்மனே நடந்து வந்தால்தான் உண்டு என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அதுவரை பேசாமல் இருந்தவர்கள், கோவர்த்தனனை உட்காரச் சொன்னார்கள்.

ஸ்ரீதேவி தீர்ப்புச் சொன்னாள். "கப்பல் ஊருக்குள்ளதான் கீது. நெலம் நம்பளுது. திருவேங்கடம் மாமா படுத்தது நம்ப எல்லைக்குள்ள. அவரே சிரசு தூக்கட்டும். கோவர்த்தனன் மாமா திருப்பதியில சொன்னதும் நெசமாவே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சா?"

ரெண்டு பேருக்கும் சரியாகப் போனது. திருவேங்கடம் ஆபீசரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கென்று தெரியாமலே அவரும் குலுக்கினார். கூட்டம் கலையப் போகையில், தப்பட்டை அடிக்கிற ரங்கையா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஒரே ஒரு டவுட்டும்மா. கப்பல் ஊருக்குள்ளன்னா, நான் சாட்டிம்பு எந்த வழியா அடிச்சிக்கினு போறது?"

கிளம்பியவர்கள் நின்றார்கள்.

"வேலிய சுத்திதான போவணும்?" என்றார் ரங்கையா. "அப்ப சிரசும் அந்த வழிதான?"

வேலி சின்ன வேலி இல்லை. டவர்களை இழுத்துக் கட்டிய கம்பிகள் விழுகிற தூரத்துக்கெல்லாம் நிலம் எடுத்திருந்தார்கள். அதைச் சுற்றுவது பழைய ஊர் எல்லையைச் சுற்றுவதைவிட அதிக நடை. வழியெல்லாம் சீமைக்கருவேலம், ஜல்லி, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. மரம் வளர்ந்தால் கம்பியில் மோதும் என்று கடற்படை வெட்டிவிடும். சித்திரை வெயில். திருவேங்கடத்துக்கு ஓய்வு பெறும் வயது, வலது முட்டியில் தேய்மானம். அவர் தன் முட்டியைத் தடவிப் பார்த்தார். அலர்மேல்மங்கை அவரைப் பார்த்தாள். "வோணான்னு சொல்லிடறீங்களா?" என்று கேட்டாள். "சொல்லிட்டா இப்பவே போச்சி," என்றார்.

கப்பலிலும் குழப்பம். ஊருக்குள் என்றான பிறகு உள்ளே படுக்கிறவர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்கக் கூடாது. கோயில் பூசாரி போய், டியூட்டியில் இருந்த எல்லோருக்கும் மஞ்சள் கயிறு கட்டி அந்த வாரத்துக்கு நொச்சிக் கண்டிகைக்காரர்கள் ஆக்கினார். ஊர்க்காரன் ஆனவன் எல்லைக்கு வெளியே படுக்கவும் கூடாது. ஆபீசருக்கு அந்த வாரம் ஹரியானாவில், ரோத்தக்கில் மச்சான் கல்யாணம். ரங்கையா சாட்டிம்புக்குத் தப்பட்டையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தபோதே, போர்க்கப்பலின் தலைவர் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

ஜாத்திரையன்று காலை சிரசு கிளம்பியது. மரத்தலை ஒரு பாரம் என்றால், அதன்மேல் எலுமிச்சை மாலை, வேப்பிலை, அரளி எல்லாம் சேர்ந்து இன்னொரு பாரம். சிரசைத் தூக்குகிறவர் பின்னால் அடுத்த முறைக்காரர் நடக்க வேண்டும். தலையைத் தரையில் வைக்கக் கூடாது. தூக்கியவர் முடியவில்லை என்றால் பின்னால் வருகிறவர் வாங்கிக்கொள்வார், முறையும் அவரோடு போய்விடும். அடுத்த முறைக்காரர் கோவர்த்தனன். புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய மஞ்சள் பூசி, கைகளை உதறித் தயார்ப்படுத்திக்கொண்டே வந்தார்.

பழைய எல்லை முடிகிறவரை திருவேங்கடம் நன்றாகவே நடந்தார். வேலி ஆரம்பித்த இடத்தில் கோவர்த்தனன் காதருகே வந்து, "முடியலன்னா சொல்லுடா, வெக்கப்படாத," என்றார்.

"முடியும்."

முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தில் ஜல்லி காலைச் சுட்டது. சிரசு தூக்குகிறவரும் பின்னால் வருகிறவரும் செருப்புப் போடக் கூடாது. வேலிக்கு உள்ளே மஞ்சள் கயிறு கட்டிய கடற்படைக்காரர்கள் நெருப்பணைக்கிற குழாயை இழுத்துக்கொண்டு கூடவே வந்து, கம்பி இடுக்கு வழியாக வழியில் தண்ணீர் அடித்தார்கள். குழாய் எட்டுகிற வரைக்கும் சுகம். மூன்றாவது பக்கம் திரும்புகிற மூலையில் குழாய் தீர்ந்துபோனது.

மூன்றாவது பக்கத்தின் நடுவில் திருவேங்கடம் நின்றார். வலது முட்டி தானாக மடங்கப் பார்த்தது. தப்பட்டை நின்றது.

"கோவர்த்தனா," என்றார் திருவேங்கடம், திரும்ப முடியாமல். "முட்டி போச்சிடா."

பின்னால் கோவர்த்தனன் குனிந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா? என்னால ஆவலடா. இன்னும் ரெண்டு அடி வெச்சன்னா அம்மாவ கீய போட்டுடுவேன். வாங்கிக்கோ."

கோவர்த்தனன் கிட்டே வந்தார். முகத்தில் மஞ்சள் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. புது வேட்டியில் முள் கிழித்த கோடுகள். கால் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்.

"டேய், குடுத்துடாதடா," என்றார் மெதுவாக.

"இன்னாது?"

"சத்தியமா குடுத்துடாதடா. எனக்கு சுகர். காலைல மாத்தர போடல, விரதம்னு சொல்லிட்டாங்க. பாதம் பூரா கொப்பளம். நான் இத தூக்கனா ரெண்டு பேரும் சேந்து கீய வுயுவோம், ஊரு நம்ப ரெண்டு வூட்டையும் எடுத்துடும்."

"அப்ப இன்னாடா பண்ணச் சொல்ற?"

"நட. நான் இடுப்ப புடிச்சிக்கறேன். தொடறது தப்பில்ல, எறக்கறதுதான் தப்பு. ரங்கையா, இன்னாத்த பாத்துக்கினு நிக்கற? அடி!"

ரங்கையா அடித்தார். கோவர்த்தனன் பின்னாலிருந்து இடுப்பில் இரண்டு கையையும் கொடுத்து, வண்டி தள்ளுவதுபோலத் தள்ளினார். அலர்மேல்மங்கை பக்கத்தில் வந்து வலது முட்டிக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துக்கொண்டாள். அது சட்டத்தில் உண்டா இல்லையா என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தைரியமில்லை.

"தள்ளாதடா, மெதுவா."

"தள்ளலன்னா நிக்கிற. நின்னா சாயற. வாய மூடிக்கினு நட."

"உன் மூச்சு என் முதுவுல அனலா அடிக்கிது."

"இத்தினி வருஷம் கோயி துன்ன ஒடம்பு, தாங்கும். நட."

இப்படித் திட்டிக்கொண்டே நாலாவது பக்கமும் வந்தார்கள். கப்பலின் கேட்டில் காவல் நின்றவன் இவர்களைப் பார்த்து விறைப்பாகச் சல்யூட் அடித்தான். யாரும் கவனிக்கவில்லை. கோயில் வாசலில் பூசாரி சிரசை வாங்கி மண் உடம்பில் பொருத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள். திருவேங்கடம் வீட்டு முறை வரிசையில் நின்றது.

சிரசு போனபிறகும் திருவேங்கடத்தின் கைகள் தலைக்கு மேலேயே இருந்தன. விறைத்துப்போய்விட்டன, இறங்கவில்லை. கோவர்த்தனன்தான் ஒவ்வொரு கையாகப் பிடித்து, நீவி, கீழே கொண்டுவந்தார். பிறகு இருவரும் கோயில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அலர்மேல்மங்கை ஆளுக்கொரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோவர்த்தனன் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"திருவேங்கடம்."

"ம்."

"அடுத்த வருஷம் என் மொறடா."

"தெரியும்."

"அந்த ஆபீசர் சொன்னதுல தப்பில்ல. பேரு வெச்சிக்கீறான், கொடி ஏத்திக்கீறான். அத போயி நாம கட்டடம்னு சொல்றது நல்லால்ல. அடுத்த கூட்டத்துல கடல்னே சொல்லிடலாமா?"

"நெலம் வோணான்றியா?"

"நெலம் எப்ப வருதோ, அப்ப பாத்துக்கலாம். நீ கூட்டத்துல எழுந்து ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க. அங்க படுத்தவன் நீதான்."

திருவேங்கடம் சொம்பின் அடியில் தங்கிய உப்பை விரலால் வழித்து நக்கினார். முட்டியை மெதுவாக மடக்கிப் பார்த்து, ஐயோ என்று மறுபடியும் நீட்டிக்கொண்டார்.

"அதெல்லாம் நீ பேசிக்கோ," என்றார். "என் மொற முடிஞ்சிது."